ஊர்த் தொன்மைக் குழுவுக்கு ஜிபேயில் நன்கொடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டை வட்டாரத்தில் கண்மாய்க் கரை, வயல்வெளி, ஆள் நடமாட்டமில்லாத கோயில் என்று அலைந்து, கல்வெட்டும் நடுகல்லும் பார்த்துப் பதிவு செய்யும் சிறிய குழு எங்களுடையது. அதில் வரவு செலவு எழுதுவது என் வேலை. சில ஆண்டுகளாக எங்களுக்கு வரும் நன்கொடையில் பெரும்பகுதி கைப்பேசி வழியாகவே வருகிறது. புதிதாகக் குழு தொடங்கும் பக்கத்து ஊர் நண்பர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் போனில் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரசீது புத்தகமும் உண்டியலும் இருக்கும்போது யூபிஐ எதற்கு?

ஊரில் இருப்பவர்களிடம் வசூலிக்க ரசீது புத்தகம் போதும். ஆனால் ஊர்க் கல்வெட்டின் மேல் அக்கறை உள்ளவர்கள் பலர் ஊரில் இல்லை. திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், திருவிழாவுக்கு இரண்டு நாள் வந்து போகிறார்கள். கோயில் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி போட்டு வீடு தேடிப் போய் வாங்கலாம். கண்மாய்க்குள் சாய்ந்து கிடக்கும் ஒரு குமிழித் தூணுக்காக (மதகுக்குத் தண்ணீர் விடும் பழைய அமைப்பின் கல் தூண்) யார் வீட்டுக் கதவைத் தட்டுவது?

மணியார்டர் காலத்தில் 20 ரூபாய் அனுப்ப 1 ரூபாய் கமிஷன். ஜிபே போன்ற செயலிகளுக்கு அடிப்படையான யூபிஐ 2016இல் வந்தது. 2020 ஜனவரி 1 முதல், வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ வழியாகச் செலுத்தும் பணத்துக்குப் பெறுபவரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று ஆனது. 20 ரூபாய் அனுப்பினால் 20 ரூபாயும் வந்து சேர்கிறது. சிறு தொகை கொடுப்பவருக்கு இருந்த கூச்சம் இதனால்தான் போனது என்று நினைக்கிறேன். நேரில் வந்து 20 ரூபாயை நீட்ட யாருக்கும் மனம் வராது. போனில் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டுத் தூங்கிவிடலாம்.

அப்புறம், எங்கள் பக்கத்து மக்களுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. ஆடி ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் மொய் விருந்துக்குப் போய்ப் பாருங்கள். பேர், ஊர், தொகை மூன்றும் நோட்டில் ஏறாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறாது. கொடுத்தது எழுதப்பட வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது. யூபிஐ அந்த நோட்டின் பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது. மீதிப் பாதி நம் வேலை. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

தலைவரின் சொந்த ஜிபே நம்பரைப் போட்டு வசூலிக்கலாமா?

கூடாது. எல்லாரும் முதலில் செய்யும் தவறு இது, நாங்களும் செய்தோம். வங்கிக்கும் வீட்டுக்கும் அலைய நேரமில்லை என்று, அப்போது பொருளாளராக இருந்த நண்பரின் சொந்த எண்ணையே வாட்ஸ்அப்பில் போட்டோம். பணம் வந்தது. அவர் வீட்டுச் சம்பளம், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், குழுவின் நன்கொடை எல்லாம் ஒரே பாஸ்புக்கில் கலந்தது. அவர் ஒரு ரூபாய்கூடத் தொட்டவர் இல்லை. ஆனாலும் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "அந்த 5,000 எங்கே?" என்று கேட்டபோது, அந்தத் தொகையைத் தேடி எடுத்துக் காட்ட அவர் தன் வீட்டுச் செலவு முழுவதையும் எல்லார் முன்னாலும் விரிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தவர்களால் அதை மறக்க முடியாது.

இன்னும் ஓர் ஆபத்து இருக்கிறது. எங்கோ ஒரு மோசடியில் சிக்கிய பணம் யார் வழியாகவோ உங்கள் கணக்குக்குள் வந்தால், விசாரணை முடியும்வரை வங்கி அந்தக் கணக்கை முடக்கலாம். சொந்தக் கணக்கு என்றால் வீட்டு அரிசிப் பணமும் சேர்ந்து முடங்கும். வருமான வரியிலும் அந்தத் தொகை உங்கள் வருமானமா, குழுவுடையதா என்ற கேள்வி வரும்.

குழுவின் பெயரில் கணக்குத் திறங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் பத்திரப் பதிவு. பிறகு குழுவின் பெயரில் பான் அட்டை, அதை வைத்து வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து சேர்ந்தால்தான் பணம் எடுக்கலாம் என்ற ஏற்பாடு. இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இரண்டு மூன்று மாதம் வசூலிக்காமல் இருங்கள்.

கியூஆர் அட்டையை எங்கே வைப்பது? ஏமாற்று நடக்காதா?

நடக்கும். அட்டை மேல் வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அதனால் எங்கள் அட்டையைத் திறந்த வெளியில் மாட்டிவைப்பதில்லை. மரபு நடை (பழைய இடங்களைக் கூட்டமாக நடந்து பார்ப்பது), கண்காட்சி, கூட்டம் நடக்கும் நாளில் மட்டும் மேசையில் வைத்து, முடிந்ததும் எடுத்துவிடுகிறோம். அட்டையில் குழுவின் முழுப் பெயரும், "ஸ்கேன் செய்ததும் இந்தப் பெயர் வந்தால் மட்டும் அனுப்புங்கள்" என்ற வரியும் பெரிதாக இருக்கும். வங்கியில் பதிவான பெயர்தான் அனுப்புபவர் திரையில் தெரிய வேண்டும் என்று 2025 ஜூன் 30 முதல் விதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நம் பக்கமும் ஏமாறலாம். அனுப்பியதாக ஸ்கிரீன்ஷாட் காட்டினால் ரசீது எழுதாதீர்கள். வங்கிக் கணக்கில் வரவு வந்ததா என்று பாருங்கள், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "நன்கொடை தருகிறேன், உங்கள் பின் நம்பரைப் போட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள். அழைப்பு எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவுக்குப் பணத்தை மறிக்க வாய்ப்பு.

என்ன சொல்லிக் கேட்டால் மக்கள் கொடுக்கிறார்கள்?

"நம் பாரம்பரியத்தைக் காக்க உதவுங்கள்" என்று நாங்கள் முதலில் போட்ட செய்திக்கு நிறையக் கும்பிடு வந்தது. பணம் வரவில்லை. அடுத்த முறை ஒரே ஒரு கல்லைப் பற்றி எழுதினோம்.

கண்மாயின் உள்வாயில், தண்ணீர் வற்றினால் மட்டும் தெரியும் குமிழித் தூண் அது. குமிழி என்றால் கண்மாய்த் தண்ணீரை அடியிலிருந்து மதகுக்கு விடும் அமைப்பு. இரண்டு கல் தூண்கள், நடுவே குறுக்குக் கற்கள். அந்தத் தூணில்தான் யார் அதைச் செய்து கொடுத்தார் என்ற எழுத்து இருக்கும். எங்கள் மாவட்டத்தில் இப்படிக் கல்வெட்டுள்ள தூண்கள் பல கண்மாய்களில் உண்டு. நாங்கள் பார்த்த தூணில் பாசி படிந்து, ஆடு மாடு உரசி, எழுத்து தேய்ந்துகொண்டிருந்தது. மழை வருவதற்குள் படியெடுத்தாக வேண்டும்.

படியெடுப்பது எப்படி என்பதையும் அதே செய்தியில் எழுதினோம். கல்லை நீர் விட்டு மெதுவாகக் கழுவ வேண்டும். ஈரத் தாளை அதன் மேல் விரித்து, கெட்டித் தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துக் குழிக்குள் இறக்க வேண்டும். தாள் முக்கால்வாசி காய்ந்ததும் மை ஒற்றியால் ஒற்றினால் கல்லின் மேல்பரப்பு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் எழுந்து வரும். வெயிலும் காற்றும் ஒத்துழைக்காவிட்டால் தாள் கிழியும், திரும்ப முதலிலிருந்து. இதற்குத் தாள் இவ்வளவு, மை இவ்வளவு, வண்டி வாடகை இவ்வளவு, ஐந்து பேருக்கு மதியச் சாப்பாடு இவ்வளவு என்று பட்டியல் போட்டோம். மூன்றாம் நாள் மாலைக்குள் பணம் சேர்ந்துவிட்டது. சேர்ந்த உடனே, "போதும், இனி அனுப்ப வேண்டாம்" என்று செய்தி போட்டோம். நிதி கேட்கத் தொடங்கியதிலிருந்து நாங்கள் செய்த மிக நல்ல காரியம் அந்த "போதும்" என்ற செய்திதான் என்று இப்போதும் நம்புகிறேன். அடுத்த முறை கேட்டபோது யாரும் எதற்கு என்று கேள்வி கேட்கவில்லை.

கணக்கை எப்படிக் காட்டுவது? எத்தனை நாளைக்கு ஒரு முறை?

உத்திரமேரூர்க் கல்வெட்டு எல்லாருக்கும் குடவோலைத் தேர்தலுக்காகத் தெரியும். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில் யார் வாரியத்துக்கு (ஊர் நிர்வாகக் குழுவுக்கு) தகுதியில்லாதவர் என்றும் எழுதியிருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்குத் தகுதியில்லை. அவருக்கு மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் இவ்வளவு கண்டிப்பு. கல்வெட்டைப் படிக்கிற குழு கணக்கில் அதைவிடத் தளர்வாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தான் கொடுத்ததோடு, தன் அக்கன் (அக்காள்) கொடுத்ததையும், தன் பெண்டுகள் கொடுத்ததையும், "மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டச் சொன்னான். அந்த "மற்றும் குடுத்தார்" என்ற சொல்லில்தான் என் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது என்று தோன்றும்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை வரவு, செலவு, கைவசம் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். அதே பக்கத்தை அச்செடுத்து ஊர் டீக்கடையில் ஒட்டுகிறோம். செலவுக்கான பில்களைப் படமெடுத்து வைத்திருக்கிறோம், கேட்பவருக்கு உடனே காட்டுவோம். பில் தராத சாப்பாட்டுக் கடை, மாட்டு வண்டி போன்றவற்றுக்குக் கையெழுத்திட்ட வவுச்சர்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பலருடைய யூபிஐ முகவரியே அவர்களின் கைப்பேசி எண்தான். வங்கி அறிக்கையை அப்படியே படமெடுத்துப் பொதுவில் போட்டால் அத்தனை பேரின் எண்ணும் வெளியே போய்விடும். பெயரையும் கேட்டுவிட்டே போடுங்கள். பெயர் வேண்டாம் என்பவருக்கு "அன்பர் ஒருவர், 500 ரூபாய்".

வரி விலக்கு தர முடியுமா?

குழு வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி (குழுவின் வருமானத்துக்கு விலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு விலக்கு) பதிவு பெற்றிருந்தால் தரலாம். பல சிறு குழுக்களுக்கு முதல் ஓரிரு ஆண்டு இது தேவைப்படாது, 100 ரூபாய் கொடுப்பவர் விலக்கு கேட்பதில்லை. பெரிய தொகை வரும்போது அவசியம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி விலக்கு கிடையாது என்பதால், அந்த அளவு கொடுப்பவர்கள் தாங்களாகவே வங்கி வழிக்கு வந்துவிடுவார்கள். நன்கொடையாளர்களின் விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31க்குள் தாக்கல் செய்து, அவர்களுக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய். கொடுப்பவர் பழைய வரி முறையில் இருந்தால்தான் விலக்கால் அவருக்குப் பயன், இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. இங்கே பழகிய பெயர்களிலேயே சொல்லியிருக்கிறேன், உங்கள் ஆடிட்டரிடம் புதிய எண்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் பணம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் கேட்டே ஆக வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், அவர் தன் சொந்தப் பணத்தை முறையான வங்கி வழியில் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமீரகம், அமெரிக்கா போன்ற சில நாடுகளில் இருப்பவர்கள் அந்த நாட்டுக் கைப்பேசி எண்ணையே வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான தங்கள் என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யூபிஐ பயன்படுத்தவும் வசதி இருக்கிறது. பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சிங்கப்பூர்க் குடிமகன் ஆகிவிட்டார், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான ஓசிஐ அட்டை மட்டும் வைத்திருக்கிறார் என்றால், அவர் தாத்தா உங்கள் தெருவிலேயே பிறந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணம். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. பதிவு கேட்க, குழுவுக்கு மூன்று ஆண்டு வயதாகி, அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவிட்டிருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர முடியும். எங்களைப் போன்ற குழுவுக்கு இதெல்லாம் எட்டாத உயரம்.

2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பணப் பரிமாற்ற முறையான பேநவ்வும் யூபிஐயும் இணைக்கப்பட்டதே, அதில் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்பிவிடலாமே என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அது தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்கு அனுப்புவதற்கான வழி. குழு நன்கொடையை அதில் நுழைப்பது சட்டத்தை மீறுவது. எங்களுக்கு அப்படி ஆசையோடு கேட்ட ஓர் அண்ணனிடம் மறுத்தோம். அவருக்கு வருத்தம்தான். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது கேமராவோடு எங்களுடன் இரண்டு நாள் முழுக்க அலைந்து, நாங்கள் அதுவரை எடுத்ததிலேயே நல்ல படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அறநிலையத் துறைக் கோயிலைப் பழுது பார்க்க நாங்கள் வசூலிக்கலாமா?

கோயில் பெயரில் நீங்களாக வசூலிக்காதீர்கள். துறையின் கீழுள்ள கோயிலுக்கு உபயம் செய்ய விரும்புபவர் கோயில் கணக்கிலேயே செலுத்தி அதன் ரசீதைப் பெற வேண்டும், திருப்பணிக்குத் துறையின் அனுமதி வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னம் என்றால் சுற்றி 100 மீட்டரில் கட்டுமானத்துக்கே தடை, அடுத்த 200 மீட்டரில் கட்டுப்பாடு. அனுமதியில்லாமல் நல்லெண்ணத்தோடு செய்த வேலையால் பாழானவை குறைவில்லை. மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்து எழுத்தே மழுங்கிப்போன கோயில் சுவர்களை நானே தடவிப் பார்த்திருக்கிறேன். கை வைத்தால் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பில் என்ன போயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

எனவே ஆவணப்படுத்துதல், படியெடுப்பு, புகைப்படம், மரபு நடை, பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு, சிறு வெளியீடு இவற்றுக்கு வசூலியுங்கள். ஒரு முறை, வயலில் சாய்ந்து கிடந்த பலகைக் கல்லை நிமிர்த்தி மேடை கட்ட என்று பணம் திரட்டிவிட்டு, பிறகு அனுமதிக்கு எழுதினோம். அனுமதி வரவில்லை. பணம் கணக்கில் எட்டு மாதம் கிடந்தது. கொடுத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் எழுதி, திருப்பி அனுப்பவா, வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளவா என்று கேட்டோம். யூபிஐ என்பதால் யார், எவ்வளவு என்பது துல்லியமாக இருந்தது, கேட்டவர்களுக்கு அன்றே திருப்பினோம். உண்டியலில் போட்ட பணமாக இருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்போம்? இப்போது அனுமதி கையில் வந்த பிறகுதான் நிதி கேட்கிறோம்.

மாதாமாதம் சிறு தொகை வர வழி உண்டா?

யூபிஐ ஆட்டோபே 2020இல் வந்தது. 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் பின் நம்பர் போடாமல் தானாகப் பிடித்தம் ஆகும். ஆனால் மேசையில் வைக்கும் சாதாரண கியூஆர் அட்டையில் இது நடக்காது, இணையத்தில் பணம் பெற்றுத் தரும் கட்டண நுழைவாயில் (பேமென்ட் கேட்வே) நிறுவனம் ஒன்றில் பதிந்தாக வேண்டும், அதற்குச் செலவு உண்டு. சிறு குழுக்களுக்கு எளிய வழி, கொடுப்பவரே தன் வங்கியில் மாதாமாதம் தானாக அனுப்பச் சொல்லி நிலை உத்தரவு கொடுத்துவிடுவது.

சோழர் காலத்தில் நந்தா விளக்கு ஒன்று எரிய 96 ஆடுகளைக் கொடுத்தார்கள். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டி அதன் இடத்துக்கு வந்து எண்ணிக்கை குறையாது. அதனால் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். இடையர் தினம் ஓர் உழக்கு நெய் அளந்துவந்தார். மாதம் 100 ரூபாய் தரும் முப்பது பேர் எங்களுக்கு அப்படி. ஒருவர் நிறுத்தினால் இன்னொருவர் வந்துவிடுகிறார். வண்டிப் பெட்ரோலுக்குக் கவலையில்லை.

நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதி?

2013 கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களைப் பாதுகாப்பதும் இருக்கிறது. ஆனால் 12ஏபி, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்று ஆண்டு அனுபவம் எல்லாம் கேட்பார்கள். குழு வளர்ந்த பிறகு பாருங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாத பெரியவர்களை விட்டுவிடுவதா?

விடவே கூடாது. எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். பட்டன் போனிலும் யூபிஐ செய்ய 2022இல் வழி வந்திருக்கிறது, ஆனால் எங்கள் ஊரில் யாரும் அதைப் பழகவில்லை. பெரியவர்கள் ரொக்கமாகக் கொடுக்கிறார்கள், நாங்கள் ரசீது எழுதுகிறோம், மறுநாளே வங்கியில் கட்டிவிடுகிறோம். மாத அறிக்கையில் யூபிஐ, ரொக்கம் என்று பிரித்துக் காட்டுவதில்லை. எல்லாம் ஒரே வரிசை.

பெரிய தொகை கொடுத்தவர் தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்கிறார். என்ன செய்வது?

பழைய கல்லில் ஒரு கீறலும் கூடாது. மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தில் அப்படிச் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். பெயரை வெளியீட்டின் கடைசிப் பக்கத்தில் அச்சிடுங்கள், 20 ரூபாய் கொடுத்தவர் பெயரோடு சேர்த்து.

குமிழித் தூணைப் படியெடுத்த அன்று, 20 ரூபாய் கொடுத்திருந்த ஓர் அக்கா கரை மேல் வந்து நின்றார். நூறு நாள் வேலைக்கு வந்தவர். பிள்ளையின் போனிலிருந்து அனுப்பினாராம். காயவைத்த தாளைத் தூக்கிப் பிடித்து, இது இன்னார் செய்வித்த குமிழி என்று ஒரு வரியை வாசித்துக் காட்டினோம். "அந்தக் காலத்துல இவரும் நம்மள மாதிரி காசு போட்டவர்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றோம். தூணுக்குப் பக்கத்தில் இறங்கி வந்து, பாசியில் கால் வழுக்காமல் குனிந்து, அந்தப் பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்.